இடதா, வலதா? இடம்மாறிக் கிளம்பும் கரோனரி தமனிக்கு அறுவையா, கட்டுப்பாடா, காத்திருப்பா

"ஆபரேஷன் பண்ணணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்."

இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனி பிறவியிலேயே இடம்மாறிக் கிளம்பியிருக்கிறது என்று தெரியவந்த நாளில் பெரும்பாலான பெற்றோர் கேட்பது இதைத்தான். அவர்கள் எங்களிடம் வந்து சேரும் வழிகள் இரண்டு. பிள்ளை மைதானத்தில் ஓடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இல்லையென்றால் மயங்கி விழுந்திருப்பான். அல்லது வேறு எதற்கோ எடுத்த எக்கோவிலோ சிடி ஸ்கேனிலோ தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கும். பிள்ளைக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. இரண்டு வீட்டார் கையிலும் இருக்கும் அறிக்கையில் ஏறக்குறைய ஒரே சொற்கள்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்கு அறுவையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. மற்றவருக்கு அறுவையே தேவையில்லாத ஆபத்தாக முடியலாம்.

இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது. குழந்தைகள் இதயப் பிரிவில் வேலை செய்கிறவன் என்ற முறையில் என் கருத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் ஸ்கேனை நேரில் பார்த்த மருத்துவரின் பேச்சுக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் அடியில், வால்வை ஒட்டி, மூன்று புடைப்புகள் உண்டு. வலது புடைப்பிலிருந்து வலது கரோனரி தமனி கிளம்ப வேண்டும். இடது புடைப்பிலிருந்து இடது கரோனரி கிளம்ப வேண்டும். இடது கரோனரி சிறிது தூரம் போனதும் இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிந்து, உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறையின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இதைச் சுற்றியே வரும்.

சிலருக்கு இந்தத் தமனிகளில் ஒன்று எதிர்ப்பக்கப் புடைப்பிலிருந்து கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பியது தான் போகவேண்டிய பக்கத்துக்கு எப்படியாவது வந்து சேர வேண்டும். அதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. பெருந்தமனிக்குப் பின்புறமாகச் சுற்றி வரலாம். நுரையீரல் தமனிக்கு முன்புறமாக வரலாம். இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள தசைச் சுவருக்குள் இறங்கி மறுபக்கம் எழலாம். இந்த மூன்றும் பெரும்பாலும் தொந்தரவு தராதவை. இடது கரோனரியின் இரண்டு கிளைகளில் ஒன்றான சுற்றுக்கிளை மட்டும் வலப்பக்கத்திலிருந்து கிளம்பிப் பெருந்தமனிக்குப் பின்னால் வரும் அமைப்பை அடிக்கடி பார்க்கிறோம். அதைப் பார்த்து யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டிய வழி, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே போவது. இதை அறிக்கையில் 'இன்டர்ஆர்ட்டீரியல்' என்று எழுதுவார்கள். இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவில் மாட்டி நசுங்குகிறது என்றுதான் பலரும் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் பாதிதான் சரி. நுரையீரல் தமனியின் அழுத்தம் பெருந்தமனியில் இருப்பதைவிட மிகக் குறைவு. அது கரோனரியை நசுக்கும் அளவுக்கு வலுவானதல்ல. உண்மையான சிக்கல் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே நடக்கிறது. இப்படிக் கிளம்பும் தமனி பல சமயம் பெருந்தமனியின் சுவருக்கு உள்ளேயே சில மில்லிமீட்டர் தூரம் படுத்துப் போய், அப்புறம்தான் வெளியே வருகிறது. 'இன்ட்ராமியூரல்' என்று அறிக்கையில் இருப்பது இதைத்தான். அதன் வாய் வட்டமாக இல்லாமல் சட்டையின் பட்டன் ஓட்டைபோலக் கீறலாக இருக்கும். கிளம்பும் கோணமும் மிகக் கூர்மையாக இருக்கும். ஓடும்போது ரத்த அழுத்தம் ஏறிப் பெருந்தமனிச் சுவர் விறைக்கிறது. சுவருக்குள் இருக்கும் தமனி தட்டையாகிறது. அதே நேரத்தில் இதயம் வேகமாகத் துடிப்பதால், கரோனரிக்கு ரத்தம் பாயும் ஓய்வு நேரமும் சுருங்குகிறது. தேவை உச்சத்தில் இருக்கும்போது வரத்து குறைகிறது. உட்கார்ந்திருக்கும்போது பிள்ளைக்கு ஒன்றுமே இல்லாமல் இருப்பதன் காரணம் இதுதான்.

ஒப்பீடே தேவைப்படாத ஒரு நோய்

எதை ஒப்பிடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது கரோனரி பெருந்தமனியிலிருந்து கிளம்பாமல் நுரையீரல் தமனியிலிருந்தே கிளம்பும் ஒரு கோளாறு உண்டு. 'அல்காபா' என்று சுருக்கமாகச் சொல்வோம். சுமார் 3 லட்சம் பிறப்புகளில் ஒன்று. 1933இல் பாஸ்டனில் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியதால் அவர்கள் பெயரும் இதற்கு உண்டு. பிறந்த சில வாரங்கள் வரை குழந்தையின் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. அந்த அழுத்தம் இறங்க இறங்க, இதயத் தசைக்குப் போகவேண்டிய ரத்தம் எதிர்த்திசையில் நுரையீரல் தமனிக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்கும்போது நெற்றி முழுக்க வியர்த்து, முகம் வெளுத்து, பாதியில் நிறுத்திவிட்டு வீறிட்டு அழும். வயிற்றுவலி என்றும், உரமருந்து ஊற்றினால் சரியாகும் என்றும் வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அந்தக் குழந்தைக்கு வருவது மாரடைப்பின் வலி.

சிகிச்சை இல்லாமல் விட்டால் இவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. இங்கே மருந்தா, அறுவையா என்ற கேள்விக்கே இடமில்லை. கண்டுபிடித்ததும் தமனியை எடுத்துப் பெருந்தமனியில் பதிக்க வேண்டும். இதயம் வீங்கிப் பலவீனமாக இருக்கும் எந்தக் கைக்குழந்தைக்கும் 'இதயத் தசை நோய்' என்று முத்திரை குத்துவதற்கு முன், இடது கரோனரி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தீர்களா என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம். சரியான நேரத்தில் அறுவை செய்தால், துவண்டு கிடந்த அந்தத் தசை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறி வருவதை எக்கோவில் பார்ப்போம். என் வேலையில் இதைவிட மகிழ்ச்சி தருவது வேறொன்றுமில்லை.

இனி ஒப்பீடு உண்மையிலேயே தேவைப்படும் இடத்துக்கு வருவோம்.

இடது கரோனரி வலது புடைப்பிலிருந்து வந்தால்

எண்களை முதலில் பாருங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 11 முதல் 14 வயது வரையிலான 5,169 பள்ளி மாணவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பும் கரோனரி 23 பேருக்கு இருந்தது. அதில் 17 பேருக்கு வலது கரோனரி இடம்மாறியிருந்தது. 6 பேருக்குத்தான் இடது. ஆக, வலது மாறுவது இடதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இப்போது இறந்தவர்களின் பக்கம் திரும்புங்கள். இந்தக் கோளாறால் திடீரென இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றி இத்தாலிய, அமெரிக்க மருத்துவர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 23 பேருக்கு இடது கரோனரி மாறியிருந்தது. 4 பேருக்கு மட்டுமே வலது. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் 25 ஆண்டு கால உடற்கூறாய்வுகள், 1977 முதல் 2001 வரை, தனியே பார்க்கப்பட்டன. அடிபடாமல் திடீரென இறந்த 126 பேரில் 21 பேருக்கு இடம்மாறிய கரோனரி இருந்தது. அந்த 21 பேருக்குமே மாறியிருந்தது இடது கரோனரிதான். அது இரண்டு பெருங்குழாய்களுக்கு நடுவேதான் போயிருந்தது.

அரிதாக இருப்பது அதிகம் கொல்கிறது. மொத்தக் கதையும் இந்த ஒரு வரியில் அடங்கும். தீவிரமாக விளையாடும் 15–35 வயதினருக்கு 20 ஆண்டுகளில் உயிருக்கு ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட்ட ஒரு மதிப்பீடு, இடதுக்குச் சுமார் 6 சதவீதம் என்றும் வலதுக்குச் சுமார் 0.2 சதவீதம் என்றும் சொல்கிறது. மதிப்பீடுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள்.

அதனால் இடது கரோனரி வலது புடைப்பிலிருந்து வந்து, பெருந்தமனிச் சுவருக்குள் ஓடி, இரண்டு குழாய்களுக்கு நடுவே போகிறது என்றால், தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறுவை செய்வதே நல்லது என்பது என் கருத்து. அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் அறிகுறியோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் அறுவை செய்ய வேண்டும் என்கிறது; இடது கரோனரி என்றால் அறிகுறி இல்லாதவருக்கும் அறுவை நியாயமானது என்கிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டியும் ஆபத்தான அமைப்புள்ள இடது கரோனரிக்கு இதே திசையில்தான் போகிறது. இடது கரோனரியாகவே இருந்தாலும் தசைச் சுவருக்குள் இறங்கிப் போகும் வகை வேறு. அதற்குப் பெரும்பாலும் கண்காணிப்பு போதும். எனவே 'இடது' என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். அது எந்த வழியாகப் போகிறது என்ற வரியையும் படியுங்கள்.

"அவன் மாவட்ட அளவில் ஓடுறான் சார், அவனுக்கு என்ன வந்துடப் போகுது?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். பீட் மராவிச் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் தொழில்முறை லீகில் 10 பருவங்கள் ஆடியவர். 1988 ஜனவரி 5 அன்று, 40 வயதில், கலிபோர்னியாவின் பசடேனாவில் நண்பர்களோடு சாதாரணமாக ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். உடற்கூறாய்வில், பிறவியிலேயே அவருக்கு இடது கரோனரி தமனி இல்லை என்று தெரிந்தது. அவருடையது நாம் பேசும் அமைப்பிலிருந்து சற்று வேறுபட்டது. ஆனால் நன்றாக விளையாடுகிறான் என்பதை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே போதும்.

வலது கரோனரி இடது புடைப்பிலிருந்து வந்தால்

பெற்றோரும் மருத்துவர்களும் உண்மையிலேயே திண்டாடுவது இங்கேதான். பொதுவாகக் காணப்படும் வகையும் இதுதான். ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன 27 பேரில் 4 பேர் இந்த வகைதான்.

தொந்தரவு எதுவும் இல்லை, உடற்பயிற்சிப் பரிசோதனையிலும் ரத்த ஓட்டக் குறைவு தெரியவில்லை, கீறல் வாயோ நீண்ட சுவர்வழிப் பாதையோ இல்லை என்றால் ஐரோப்பிய வழிகாட்டி அறுவை வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நானும் அதையே சொல்வேன். நெஞ்சைப் பிளந்து செய்யும் அறுவையின் அபாயம், இந்தப் பிள்ளைக்கு இயற்கையாக உள்ள அபாயத்தைவிடக் குறைவு என்று யாராலும் காட்ட முடிந்ததில்லை.

ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்து, பரிசோதனையில் அதே தமனி ஊட்டும் பகுதியில் ரத்தக் குறைவும் தெரிந்தால் வலது கரோனரிக்கும் அறுவைதான். இதிலும் குழப்பமில்லை.

நடுவில் இருப்பவர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள். பதின்ம வயதில் நெஞ்சுவலி மிகவும் சாதாரணம். பெரும்பாலும் அது தசைவலியாகவோ விலா எலும்புக் குருத்து வலியாகவோ இருக்கும். இடம்மாறிய வலது கரோனரியும் நெஞ்சுவலியும் ஒரே பிள்ளைக்கு இருப்பதால் மட்டும் இதனால்தான் அது என்று ஆகிவிடாது. வலி எப்போது வருகிறது என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும். அம்மா அப்பா பதில் சொல்லாமல் இருந்தால் நல்லது. ஓட்டத்தின் உச்சத்தில் வந்து, நின்றதும் அடங்குகிறதா? அது கவனிக்க வேண்டிய வலி. படுத்திருக்கும்போது ஊசி குத்துவதுபோல் வந்து, விரலால் அழுத்தினால் அதே இடத்தில் வலிக்கிறதா? அது இதயத்திலிருந்து வருவது அரிது. மயக்கத்துக்கும் இதேதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்று, கண் இருட்டி, மெல்லச் சரிவது ஒரு வகை. பந்தைத் துரத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பு எதுவுமில்லாமல் விழுவது முற்றிலும் வேறு. இரண்டாவது நடந்திருந்தால் வலதா, இடதா என்றெல்லாம் பார்க்காமல், சோதனை முடியும்வரை மைதானத்துக்கு அனுப்பவே கூடாது.

இந்த நடுத்தரக் கூட்டத்துக்கு ஒரே பதில் கிடையாது. என் சாய்வு இதுதான்: சோதனைகளை முழுமையாகச் செய்துவிட்டு, ரத்தக் குறைவுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றால் அறுவைக்கு அவசரப்படாமல், ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொண்டு விளையாட விடுவது. சுவர்வழிப் பாதை நீளமாக இருந்து, பிள்ளை போட்டி விளையாட்டில் தீவிரமாகவும் இருந்தால், அந்தச் சாய்வு மாறும்.

பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்

டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. அந்த 27 பேர் ஆய்வில் உயிரோடு இருந்தபோதே 9 பேருக்கு இசிஜி எடுக்கப்பட்டிருந்தது. 6 பேருக்கு டிரெட்மில் சோதனை நடந்திருந்தது. அத்தனையும் நார்மல். அந்த 27 பேரில் 10 பேருக்கு இறப்பதற்கு முன்பே மயக்கம், நெஞ்சுவலி போன்ற அறிகுறிகள் வந்திருந்தன. 27 பேரில் 25 பேர் கடும் உழைப்பின்போதே இறந்தார்கள்; மற்ற இருவர் அது முடிந்தவுடனே. ஒரு நார்மல் டிரெட்மில் அறிக்கையைவிட, மைதானத்தில் ஒருமுறை விழுந்தான் என்று பயிற்சியாளர் சொல்லும் சொல்லுக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

எக்கோவில் குழந்தையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பெலும்புக்குப் பக்கத்தில் கருவியை வைத்து மெல்லத் திருப்பினால், பெருந்தமனி குறுக்குவாட்டில் வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் விளிம்பில் இரண்டு வாய்களையும் தனித்தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வாய்தான். குழந்தை அசைந்தால் மறைந்துவிடும். கலர் போட்டு ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். தேடினால்தான் கிடைக்கும், தேடாதவர் 'எக்கோ நார்மல்' என்று எழுதிவிட முடியும். ஓடும்போது மயங்கிய பிள்ளைக்கு எடுக்கும் எக்கோ அறிக்கையில் 'இரு கரோனரிகளும் அவற்றுக்குரிய இடத்திலிருந்தே கிளம்புகின்றன' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பக் கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் அடுத்தது சிடி ஆஞ்சியோ. வாயின் வடிவம், கோணம், சுவருக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஓடுகிறது, எந்த வழியாகப் போகிறது என்ற நான்கும் அதில் வர வேண்டும். வெறுமனே 'அனாமலஸ் ஆரிஜின்' (இடம்மாறிக் கிளம்புகிறது) என்று எழுதிய அறிக்கையை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. ரத்த ஓட்டத்தைப் பார்க்க டிரெட்மில்லோடு நிற்காமல், மருந்து கொடுத்து இதயத்தை வேகமாக்கி எடுக்கும் எம்ஆர்ஐ அல்லது நியூக்ளியர் ஸ்கேன் செய்தால் முடிவு கொஞ்சம் உறுதியாகும்.

'ஓடாதே' என்பது சிகிச்சையா

அறுவைக்குப் பயந்தவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது இந்த வழியைத்தான். ஓடாதே, விளையாடாதே, மாடிப்படியில் வேகமாக ஏறாதே. செலவில்லாதது, கத்தி இல்லாதது என்று தோன்றும். இறப்புகள் கடும் உழைப்பின்போது நடப்பதால் அறிவுக்கும் பொருந்துவதாகத் தெரியும்.

சோதனைகள் நடக்கும் காலத்துக்கும், அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் காலத்துக்கும் இது சரியான வழிதான். இடது கரோனரி மாறிய பிள்ளைக்கு இதையே ஆயுள் முழுக்க வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 12 வயதுப் பையன் அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டுத் தெருவில் கிரிக்கெட் ஆடுவான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். நாய் துரத்தினால் ஓடத்தான் செய்வான். போட்டி விளையாட்டைத் தடுக்கலாம். வாழ்க்கையின் ஓட்டத்தைத் தடுக்க முடியாது. கூடவே எடை ஏறுகிறது. நண்பர்கள் விலகுகிறார்கள். தான் எந்த நேரமும் செத்துப்போகலாம் என்ற நினைப்போடு ஒரு பிள்ளை வளர்கிறது. அந்தப் பயம் எந்த ஸ்கேனிலும் தெரியாது.

ஆபத்துக் குறைந்த வலது கரோனரிக்கு இதே தடையை விதிப்பது அதைவிடப் பெரிய அநியாயம். தொந்தரவில்லாமல், சோதனைகளும் சரியாக இருக்கும் பிள்ளையை ஓரமாக உட்கார வைத்து விளையாட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரும் பிள்ளையும் அபாயத்தைப் புரிந்துகொண்டு ஆடலாம் என்பதே இன்றைய போக்கு.

மருந்தைப் பொறுத்தவரை, இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கரைச் சிலருக்குக் கொடுக்கிறோம். அது திடீர் மரணத்தைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. அறுவைக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு துணை, அவ்வளவே. பெரியவர்களுக்குப் போடும் ஸ்டென்டை இங்கேயும் வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். வளரும் பிள்ளைக்கு, சுவருக்குள் அழுத்தப்படும் தமனியில் ஸ்டென்ட் வைப்பது ஏற்ற வழியல்ல.

எந்த அறுவை

அறுவை என்று முடிவானபின், எந்த அறுவை என்பது பெற்றோர் நினைப்பதைவிட முக்கியமான கேள்வி. 'பைபாஸ் போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வயதானவர்களின் அடைப்புக்குப் பைபாஸ் நன்றாக வேலை செய்யும். இங்கே நிலைமை வேறு. பிள்ளை ஓய்வாக இருக்கும்போது சொந்தத் தமனியிலேயே ரத்தம் தாராளமாக ஓடுகிறது. அதனால் ஒட்டுப்போட்ட குழாயில் ஓட்டம் குறைந்து, நாளடைவில் அது சுருங்கி மூடிக்கொள்ளக்கூடும். முன்னால் பல ஆண்டுகள் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது முதல் தேர்வாக இருக்கக் கூடாது.

சுவருக்குள் ஓடும் தமனிக்கு வழக்கமாகச் செய்வது 'அன்ரூஃபிங்'. மார்பெலும்பைப் பிளந்து, ஹார்ட்-லங் மெஷினில் போட்டு, இதயத்தை நிறுத்திவிட்டுப் பெருந்தமனியைக் குறுக்கே திறப்பார்கள். உள்ளே அந்தக் கீறல் வாய் தெரியும். அதில் ஒரு மெல்லிய கம்பியை நுழைத்தால், அது சுவருக்குள் எந்தப் பாதையில் போகிறது என்று மேட்டிலிருந்தே தெரியும். தமனிக்கும் பெருந்தமனிக்கும் பொதுவாக உள்ள அந்த உட்சுவரை, தமனி வெளியேறும் இடம்வரை வெட்டித் திறந்துவிடுவார்கள். விளிம்பை மிக மெல்லிய நூலால் ஆங்காங்கே தைப்பார்கள். முடிந்ததும் குறுகிய வாய் இருந்த இடத்தில், சரியான பக்கத்தில், அகன்ற வாய் வந்துவிடும். சுவருக்குள் ஓடிய பாதையே இல்லாமல் போய்விடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுவர்வழிப் பாதை சிலருக்கு, வால்வு இதழ்கள் சுவரோடு சேரும் மூலைக்குக் கீழே போகும். அங்கே வெட்டினால் இதழ் தொய்ந்து வால்வு கசியலாம். பெருந்தமனி வால்வு கெட்டுப்போன பிள்ளைக்குப் பிறகு வால்வு அறுவை வரை போக நேரிடும். ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றை வாங்கியதாகிவிடும். இந்த அமைப்பு உள்ளவர்களுக்கு மூலையைத் தொடாமல், தமனி வெளியேறும் இடத்தில் புதிய வாய் ஏற்படுத்துவார்கள்; அல்லது தமனியை வெட்டி எடுத்துச் சரியான புடைப்பில் பதிப்பார்கள். சுவருக்குள் ஓடாத தமனிக்கும் பதிப்பதுதான் பொருத்தம். எனவே அறுவை மருத்துவரிடம், "பாதை வால்வு மூலைக்கு மேலே போகுதா, கீழே போகுதா? கீழேன்னா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் படம் வரைந்து பதில் சொல்கிறவரை நம்பலாம்.

அனுபவமுள்ள இடங்களில் இந்த அறுவையில் உயிரிழப்பு மிக அரிது. ஆனால் சிலருக்கு இதய உறையில் நீர் சேரும். சிலருக்கு அறுவைக்குப் பிறகும் ரத்தக் குறைவு தொடரும். மூன்று மாதம் கழித்து, தொந்தரவு இல்லாமல், மறுபடி செய்த பரிசோதனையும் நன்றாக இருந்தால்தான் போட்டி விளையாட்டுக்குத் திரும்பலாம். அறுவை முடிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் பிறவி இதயக் கோளாறுகளுக்கான அறுவைகள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன. பணத்தை நினைத்து அறுவையைத் தள்ளிப்போடுவதற்கு முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

50 வயதில் தெரியவந்தால்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நெஞ்சுவலிக்கு ஆஞ்சியோ எடுத்தபோது இது தென்படுவதும் உண்டு. 1,26,595 பேரின் ஆஞ்சியோகிராம்களைப் பார்த்த 1990ஆம் ஆண்டு ஆய்வில் 1.3 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு கரோனரி அமைப்பு மாற்றம் இருந்தது. பெரும்பாலானவை தீங்கற்றவை. திடீர் மரண அபாயம் முக்கியமாக இளம் வயதுக்கும் கடும் உழைப்புக்கும் உரியது. 50 வயதுவரை இந்தத் தமனியோடு வயலிலும் மில்லிலும் வேலை செய்து வாழ்ந்தவருக்கு, ரத்தக் குறைவுக்குச் சான்று இல்லாமல் அறுவை தேவைப்படுவதில்லை. வலிக்குக் காரணம் வழக்கமான கொழுப்பு அடைப்பாக இருக்கலாம். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'மயோகார்டியல் பிரிட்ஜ்' என்று எழுதியிருந்தால் அது வேறு சங்கதி. தமனி சரியான இடத்தில்தான் கிளம்பும். வழியில் சிறிது தூரம் தசைக்குள் புதைந்து ஓடும். நிறையப் பேருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். வலி இருந்தால் பீட்டா பிளாக்கருக்குக் கேட்கும். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இவர்களுக்கு வலியை அதிகமாக்கக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காத்திருப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு

காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. ஆண்டுக்கொருமுறை பரிசோதனை வேண்டும். உயரம் வேகமாகக் கூடும் பருவத்திலும், பிள்ளை பள்ளி அணியிலிருந்து மாவட்ட அணிக்குப் போகும்போதும் மறுபடி பார்க்க வேண்டும். காவலர் தேர்வுக்குத் தயாராகிறார்கள் என்றால் கட்டாயம். அங்கே 1,500 மீட்டரை நேரத்துக்குள் முடிக்க, வேலை கிடைக்க வேண்டும் என்ற வெறியோடு, உடம்பு சொல்வதைக் கேட்காமல் ஓடுவார்கள். மற்ற நாட்களில் நின்று மூச்சு வாங்கும் பிள்ளை அன்று நிற்காது.

உடற்கல்வி ஆசிரியருக்கு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மறைத்துவைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. பிள்ளை விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால் தண்ணீர் தெளித்துக் காத்திருக்கக் கூடாது. ஒருவர் 108க்கு அழைக்க வேண்டும். இன்னொருவர் அந்த நொடியே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை ஆழமாக அழுத்தத் தொடங்க வேண்டும். வீட்டில் இருவராவது இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அரை நாள் பயிற்சியே போதும். அறுவை செய்துகொண்ட பிள்ளையின் வீட்டாரும் கற்றுக்கொள்ள வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கும் ஒருமுறை எக்கோ எடுத்து, இரண்டு வாய்களும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.